எதிர்காலம் வேண்டாம், ஒரு கதை போதும்: டாரட் சீட்டுகளை வைத்து எழுதப் பழகுவோருக்கு

டாரட் சீட்டு எதிர்காலத்தைச் சொல்லுமா என்ற விவாதத்துக்கு இந்தக் கட்டுரையில் இடம் இல்லை. நம்புகிறவர் நம்பட்டும், சிரிக்கிறவர் சிரிக்கட்டும். வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்தால் இருவருக்கும் ஒன்றும் தோன்றாது. அந்த நேரத்தில் 78 படங்கள் கொண்ட ஒரு சீட்டுக்கட்டு என்ன செய்யும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இங்கே பேச்சு.

எழுத உட்காருகிறவரிடம் விஷயமே இல்லாமல் போவது அபூர்வம். வந்த விஷயமே திரும்பத் திரும்ப வருவதுதான் சிக்கல். அதே மழை, அதே ஜன்னல், அதே பிரிவு, அதே பாட்டி. நாமே தேர்ந்தெடுக்கும்வரை பழகிய தடத்தில்தான் கை ஓடும். கலைத்துப் போட்ட கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவும்போது, நாம் ஒருபோதும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாத ஒன்று கண்முன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அழையாமல் வந்த அந்த விருந்தாளியோடு மல்லுக்கட்டும்போதுதான் புதிய வரி பிறக்கிறது. டாரட்டிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

சீட்டை வைத்துக் கதை கட்டுவது மரபுக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்தது சீட்டாட்டத்துக்காகத்தான். பிரான்சில் இன்றும் 78 சீட்டு டாரட்டை ஆட்டமாகவே ஆடுகிறார்கள். 1781-ல் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சு அறிஞர், இவை பண்டைய எகிப்தின் ஞானநூல் என்று எழுதிய பிறகுதான் மறைஞானப் புகழ் இவற்றை இறுகப் பற்றிக்கொண்டது. அவர் அதை எழுதிய காலத்தில் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. ஷாம்போலியன் என்ற பிரெஞ்சு மொழியறிஞர் அதைப் படித்துக் காட்டியது 1822-ல். டாரட்டின் எகிப்துத் தொடர்பு என்பதே ஒருவருடைய கற்பனையில் உதித்த கதைதான். நாமும் நம் பங்குக்குச் சில கதைகளைச் சேர்த்தால் குடி முழுகிவிடாது.

எந்தக் கட்டை வாங்குவது

பூனை, பறவை, விண்வெளி என்று எண்ணற்ற வடிவங்களில் டாரட் கிடைக்கிறது. தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஒன்றைத்தான்: 1909-ல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட, இன்று ரைடர்-வெயிட்-ஸ்மித் என்று அழைக்கப்படும் கட்டு. காரணம் எளிது. அதற்கு முந்தைய மார்செய் வகைக் கட்டுகளில் கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பைகள் அலங்காரமாக அடுக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. 1909 கட்டில் பெரும்பாலான எண் சீட்டுகளில்கூட ஓர் ஆள் இருக்கிறார், ஏதோ செய்துகொண்டிருக்கிறார். கதைக்கு வேண்டியது அதுதானே.

கட்டின் திட்டம் ஆர்தர் எட்வர்டு வெயிட் என்ற மறைஞான எழுத்தாளருடையது. படங்கள் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. ஸ்மித் (1878-1951) லண்டன் லைசியம் நாடகக் குழுவோடு சுற்றியவர், மேடை வடிவமைப்பும் உடையலங்காரமும் தெரிந்தவர், ஜமைக்காவின் நாட்டுப்புறக் கதைகளை மேடையில் சொன்னவர். பல சீட்டுகளைக் கவனித்தால் அந்த நாடகக் கை தெரியும்: முன்னால் சமதளமான தரை, அதில் ஒரு நடிகர், பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலையாகக் கடலும் மலையும். பெரிய வேலை, சொற்பக் கூலி என்று அந்தச் சீட்டுகளைப் பற்றி அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தச் சொற்பக் கூலி வேலைதான் உலகில் அதிகம் அறியப்பட்ட டாரட் கட்டாக நிலைத்துவிட்டது.

தோத் என்ற இன்னொரு புகழ்பெற்ற கட்டு உண்டு. அலெய்ஸ்டர் குரோலி என்ற ஆங்கில மறைஞானியின் திட்டப்படி ஃபிரீடா ஹாரிஸ் என்ற ஓவியர் தீட்டியது. ஓவியமாக அது பிரமாதம். ஆனால் எண் சீட்டுகளின் அடியில் ஒரு சொல்லை அச்சடித்துவிடுகிறார்கள். வாள் மூன்றின் கீழே ‘துயரம்’ என்று எழுதியிருந்தால், எழுதுகிற கை துயரத்தைத் தவிர வேறெதை எழுதும்? அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கட்டை விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள்வரை காப்புரிமை நீடிக்கும் நாடுகளிலும் 1909 படங்கள் 2022 முதல் பொதுச்சொத்தாகிவிட்டன. விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் இருந்து இறக்கி, கொஞ்சம் பெரிதாகவே அச்சிட்டுக்கொள்ளலாம். பெரிய படத்தில் சிறிய விஷயங்கள் தெளிவாகத் தெரியும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். கைப்பேசிச் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். படத்துக்குக் கீழேயே பலன் எழுதியிருக்கும். கண் அங்கே போகாமல் இருக்காது. வாங்கிய கட்டோடு வரும் விளக்கப் புத்தகத்தையும் இப்போதைக்குப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

78 சீட்டில் என்னென்ன

மேஜர் அர்க்கானா என்ற 22 சீட்டுகளும் மைனர் அர்க்கானா என்ற 56 சீட்டுகளும் சேர்ந்து ஒரு கட்டு. மைனரில் கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஏஸ் முதல் பத்துவரை எண் சீட்டுகள், பிறகு ஏவலன், குதிரைவீரன், ராணி, ராஜா. வழக்கமான 52 சீட்டுக்கட்டோடு ஒப்பிட்டால் ஒவ்வோர் இனத்திலும் ஓர் ஆள் கூடுதல்.

எழுதுகிறவருக்கு இந்தப் பிரிவு ஒரு வகையில்தான் உதவும். நான்கு இனத்திலும் உள்ள 16 ஆள் சீட்டுகள் கதாபாத்திரங்கள். எண் சீட்டுகள் 40-ம் அன்றாடச் சூழல்கள்: சண்டை, சுமை, காத்திருப்பு, களவு, படகுப் பயணம். மேஜர் 22-ம் வாழ்க்கையைத் திருப்பிப் போடுகிறவை: கோபுரம், மரணம், நிலவு, துறவி. முதல் சில வாரங்களுக்குக் கட்டை இப்படி மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம். எந்த இனம் எந்தப் பஞ்சபூதத்துக்கு உரியது, எந்த எண்ணுக்கு என்ன பலன் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மனப்பாடம் செய்தால் கெடுதல் என்றே சொல்வேன்.

முதல் படி: பார்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

கட்டைக் கலைத்து ஒரு சீட்டை உருவுங்கள். கடிகாரத்தில் ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு, படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பட்டியலிடுங்கள். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் போதும். உணர்ச்சிச் சொற்களுக்குத் தடை. ‘சோகமாக நிற்கிறார்’ என்று எழுதக் கூடாது. ‘தலை குனிந்திருக்கிறது, கறுப்பு அங்கி தரைவரை தொங்குகிறது’ என்று எழுதலாம். சோகம் என்பது உங்கள் தீர்ப்பு. விசாரணை முடியும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டால் கதைக்கு வேலை இல்லை. சீட்டின் அடியில் உள்ள பெயர் தொந்தரவு செய்தால் ஒரு துண்டுத் தாளால் அதை மறைத்துவிடுங்கள்.

வாள் ஏழு என்ற சீட்டை எடுத்துக்கொள்வோம். எந்தப் பலன் புத்தகத்தைத் திறந்தாலும் திருட்டு, தந்திரம், ஏமாற்று என்றுதான் இருக்கும். படத்தில் இருப்பது இது: ஓர் ஆள் கால் நுனியில் நடக்கிறான். கைகளில் ஐந்து வாள்கள். இரண்டு வாள்கள் மண்ணில் செங்குத்தாக நிற்கின்றன. பின்னால் வண்ணக் கூடாரங்கள். முகம் கூடாரங்களின் பக்கம் திரும்பியிருக்கிறது, கால்கள் எதிர்த்திசையில் போகின்றன. வானம் மஞ்சள்.

இதுவரை எழுதியது மூன்று நிமிடத்தில் யாருக்கும் வரும். மீதி இரண்டு நிமிடத்தில்தான் படம் பேசத் தொடங்கும், ஆகவே சலிப்புத் தட்டினாலும் கண்ணை எடுக்காதீர்கள். வாள்களை அவன் எங்கே பிடித்திருக்கிறான்? கைப்பிடியை அல்ல, அலகைப் பிடித்திருக்கிறான். வெறுங்கையால் அலகைப் பிடிக்கிறவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், அல்லது வாளைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அடுத்து அந்த மஞ்சள் வானம். இரவு அல்ல. திருட்டு என்றால் பட்டப்பகலில் நடக்கிற திருட்டு. இரண்டு வாள்களை ஏன் விட்டுவிட்டுப் போகிறான்? தூக்க முடியாமலா, அல்லது அவை அவனுக்குத் தேவையில்லையா?

பலன் புத்தகத்தை முதலில் படித்திருந்தால் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட வந்திருக்காது. திருடன் என்று பெயர் வைத்துவிட்டு, திருடனைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததையே எழுதி முடித்திருப்போம்.

இரண்டாம் படி: ஒரு நுணுக்கத்தைப் பிடித்துக் கேட்பது

பட்டியலில் இருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் நடுவில் இருப்பதைவிட ஓரத்தில் இருப்பது பெரும்பாலும் அதிகம் பயன்படும். கோப்பை ஐந்தில் எல்லோரும் கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்ப்பார்கள், கொஞ்சம் கவனமானவர்கள் முதுகுக்குப் பின்னால் கவிழாமல் நிற்கும் இரண்டைப் பார்ப்பார்கள். ஆற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்தைக் கட்டியது யார்? வாள் ஆறில் படகோட்டி ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போகிறான். ஆறு வாள்கள் படகின் தரையில் குத்தி நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கினால் படகில் தண்ணீர் ஏறாதா? பெண்ணின் முகம் நமக்குத் தெரியவில்லை. படகோட்டிக்குத் தெரியுமா?

தேர்ந்தெடுத்த நுணுக்கத்திடம் கேட்க எனக்குப் பிடித்த கேள்விகள் மூன்று. இந்தக் கணத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது? சட்டகத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள்? படத்தில் இருப்பவர் இப்போது எதை விரும்புகிறார், அதுவும் கையால் தொடக்கூடிய எதை? மூன்றாவது கேள்வியில் கண்டிப்பாக இருங்கள். ‘நிம்மதி வேண்டும்’ என்பது பதில் ஆகாது. ‘காலணியைக் கழற்ற வேண்டும்’ என்பது பதில். விருப்பம் கைக்கு எட்டுகிற பொருளாக இருந்தால்தான் அடுத்த வரி தானாக வரும்.

மூன்றாம் படி: நிறுத்தாமல் எழுதுவது

பத்து நிமிடம். கையால் எழுதுவதும் தட்டச்சு செய்வதும் உங்கள் வசதி. தன்மையில், அதாவது ‘நான்’ என்று எழுதத் தொடங்குவது புதியவர்களுக்கு எளிது. அந்த ‘நான்’ நீங்கள் அல்ல, படத்தில் இருப்பவர். எழுதியதை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. தோன்றாமல் நின்றால் சீட்டைப் பார்த்து அடுத்த பொருளின் பெயரை எழுதிவிட்டுத் தொடருங்கள். வாள் ஏழிலிருந்து இப்படி ஒரு பத்தி வரலாம்:

“ஏழு வாள் அடித்துக் கொடுத்தேன். இரண்டுக்குப் பணம் வந்தது. மீதிக்கு நாளை வா என்றார்கள். நாளை போனேன், நாளை வா என்றார்கள். இன்று காலை கூடாரத்தில் யாரும் இல்லை, எல்லோரும் சோற்றுக்கு வரிசையில் நிற்கிறார்கள். பணம் கொடுத்த இரண்டையும் மண்ணில் குத்தி வைத்தேன், நேராக. கணக்குத் தெரியாதவன் என்று நாளைக்கு ஒருவனும் சொல்லக் கூடாது. மற்ற ஐந்தையும் அலகைப் பிடித்தே தூக்கிக்கொண்டேன். கூர் தீட்டியவனுக்குத் தெரியாதா, எந்த இடம் வெட்டும், எந்த இடம் வெட்டாது என்று. சமையல்காரப் பையன் என்னைப் பார்த்துவிட்டான். அவனுக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அகப்பையைத் தூக்கி, திரும்பி நின்றுகொண்டான்.”

திருடன் காணாமல் போய், கூலி கிடைக்காத கொல்லன் வந்துவிட்டான். அலகைப் பிடித்த கை, பகல் வெளிச்சம், விட்டுப்போன இரண்டு வாள் ஆகிய மூன்று விவரங்களும் சேர்ந்து அவனைக் கொண்டுவந்தன. சமையல்காரப் பையன் படத்தில் இல்லை. சட்டகத்துக்கு வெளியே யார் என்ற கேள்விக்கு வந்த பதில் அவன். உங்கள் கையில் இதே சீட்டு முற்றிலும் வேறாகத்தான் வரும், வர வேண்டும்.

முதல் பத்து நிமிட எழுத்து பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும். அதற்காகச் சீட்டை மாற்றாதீர்கள். பிடிக்காத சீட்டு வந்துவிட்டது என்று மறுபடி உருவுவது, தேர்வை மீண்டும் உங்கள் பழக்கத்தின் கையில் கொடுப்பதுதான். அதே சீட்டில் வேறொரு நுணுக்கத்தைப் பிடித்து இன்னொரு பத்து நிமிடம் எழுதிப் பாருங்கள். ஒரு சீட்டோடு ஒரு வாரம் இருப்பவர், தினம் ஒரு சீட்டைப் புரட்டுகிறவரைவிட நன்றாக எழுதுவார் என்பது என் துணிபு.

இரண்டு சீட்டு, மூன்று சீட்டு

ஒற்றைச் சீட்டு சூழலைக் கொடுக்கும். கதை நகர்வதற்கு இன்னொன்று வேண்டும். வரிசையையும் கணக்கில் எடுத்தால் 78 சீட்டில் மூன்றை 4,56,456 விதமாக அடுக்கலாம். ஆகவே தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

பிரித்து வைத்த மூன்று குவியலில் இருந்தும் ஒவ்வொன்றை உருவுங்கள்: ஆள், அன்றாடம், திருப்பம். கோப்பை ஏவலன், நாணயம் எட்டு, கோபுரம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்தில் பூப்போட்ட உடை அணிந்த இளைஞன். அவன் கையில் உள்ள கோப்பையில் இருந்து ஒரு மீன் தலையை நீட்டி அவனைப் பார்க்கிறது. இரண்டாவதில் ஒரு கைவினைஞர் பலகையில் உட்கார்ந்து நாணயத்தில் நட்சத்திரம் செதுக்குகிறார்; ஊர் தூரத்தில் இருக்கிறது. மூன்றாவதில் மின்னல் தாக்கிக் கோபுரத்தின் மகுடம் பறக்கிறது, இரண்டு பேர் தலைகீழாக விழுகிறார்கள்.

இவற்றை ‘பிறகு’ என்ற சொல்லால் இணைக்காதீர்கள். ‘ஆனால்’, ‘அதனால்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் பயன்படுத்துங்கள். மீனோடு பேசுகிற பையனுக்குச் செதுக்கு வேலை கற்க ஆசை. ஆனால் பட்டறை கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது, தண்ணீரை விட்டு அவ்வளவு உயரத்துக்கு மீன் வர மறுக்கிறது. அதனால் அவன் மீனை ஏமாற்றி மேலே கொண்டுபோகிறான். ஆனால் இடியைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருந்தது மீனுக்கு மட்டும்தான். ‘பிறகு’ போட்டிருந்தால் மூன்று படங்களின் வர்ணனை கிடைத்திருக்கும். இப்போது ஒரு துரோகம் கிடைத்திருக்கிறது. இடி கடைசியில்தான் விழ வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இடி விழுந்த மறுநாள் காலையில் கதையைத் தொடங்கினால் என்ன?

கொஞ்சம் பழகிய பிறகு, ஒன்பது சீட்டுகளை மூன்றுக்கு மூன்றாகப் பரப்பிப் பாருங்கள். குறுக்கே ஒரு வரிசை ஒரு கதை, நெடுக்கே ஒரு வரிசை இன்னொரு கதை. ஒவ்வொரு சீட்டும் இரண்டு கதைகளில் வரும், இரண்டிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. ஒரு கதையில் காதலியாக வந்த வாள் ராணி இன்னொன்றில் நீதிபதியாக வரலாம். இத்தாலிய எழுத்தாளர் இதாலோ கால்வினோ 1973-ல் ஒரு புத்தகத்தையே இந்த வழியில் கட்டினார்: பேச்சிழந்த பயணிகள் மேசையில் டாரட் சீட்டுகளை அடுக்கித் தங்கள் கதைகளைச் சொல்வார்கள், ஒருவருடைய சீட்டு வரிசை இன்னொருவருடையதைக் குறுக்காக வெட்டிப் போகும். ஒன்பதுக்கே நமக்கு மூச்சு முட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சீட்டு தலைகீழாக வந்தால், குறி சொல்கிறவர்களுக்கு அதற்கென்று தனிப் பலன் உண்டு. நாம் அதைப் படமாகவே பார்ப்போம். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதனைத் திருப்பிப் பாருங்கள்: நடனம் ஆடிக்கொண்டிருக்கிறான். தலைகீழான கோபுரத்தில் விழுந்தவர்கள் மேலே பறக்கிறார்கள்.

தன்னைப் பற்றி எழுதும்போது

கதை எழுத விருப்பமில்லை, மனத்தில் உள்ளதைச் சொன்னால் போதும் என்று டாரட்டுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு மேலே சொன்ன முறையில் ஒரே ஒரு மாற்றம்: பட்டியலிட்டு முடித்ததும் ‘இந்தப் படத்தில் நான் எங்கே இருக்கிறேன்?’ என்று கேளுங்கள். உடனே மனித உருவத்தின் மேல் கை வைக்க வேண்டாம். கோப்பை எட்டில், அடுக்கி வைத்த எட்டுக் கோப்பைகளை விட்டு ஒருவர் கோலூன்றி மலைப் பக்கம் நடக்கிறார். மேலே நிலவு பார்க்கிறது. கோப்பைகளின் மேல் அடுக்கில் ஒன்று இருக்க வேண்டிய இடம் காலியாகத் தெரிகிறது. நீங்கள் நடப்பவராக இருக்கலாம். விட்டுவிட்டுப் போகப்பட்ட கோப்பையாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாத நிலவாக இருக்கலாம். அந்தக் காலி இடமாகக்கூட இருக்கலாம்.

நேராகச் சொல்ல வாய் வராத விஷயத்தைப் படர்க்கையில் எழுதத் தொடங்குங்கள்: ‘அவள் கிளம்பியபோது கோப்பைகளை எண்ணவில்லை.’ ஒரு பக்கம் ஓடிய பிறகு, விரும்பினால் ‘அவள்’ வரும் இடங்களில் ‘நான்’ போட்டு வாசித்துப் பாருங்கள். எந்த வரியில் குரல் தடுமாறுகிறதோ அங்கிருந்து மறுபடி எழுதலாம். மாற்றத் தோன்றவில்லை என்றால் அப்படியே விடுங்கள். படர்க்கையும் உண்மையைச் சொல்லத் தெரிந்ததுதான்.

ஒரு பழக்கத்தை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். காலையில் உருவிய சீட்டு இன்றைய நாளைப் பற்றியது என்று எண்ணத் தொடங்கினால், எழுத்து நின்று பலன் பார்ப்பது தொடங்கிவிடும். மரணம் வந்துவிட்டதே என்று யாருக்காவது போன் செய்யத் தோன்றினால் நீங்கள் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சீட்டில் வெள்ளைக் குதிரைமேல் எலும்புக்கூடு வருகிறது, அரசர் விழுந்து கிடக்கிறார், ஆனால் ஒரு குழந்தை மண்டியிட்டுக் குதிரையை நிமிர்ந்து பார்க்கிறது. அந்தக் குழந்தைக்குக் குதிரை மட்டும்தான் தெரிகிறதோ? இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதலாம்.

சில சீட்டுகள் சிலருக்கு நிஜமாகவே வலிக்கும். இரவில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் வாள் ஒன்பது, முதுகில் பத்து வாள்களோடு குப்புறக் கிடக்கும் வாள் பத்து. மறுபடி உருவாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். எழுதி முடித்த பிறகும் மனம் அமைதியாகவில்லை, பல நாள் தூக்கம் கெடுகிறது என்றால் அதை மருத்துவரிடமோ உளநல ஆலோசகரிடமோ பேச வேண்டும். சீட்டுக்கட்டு அந்த வேலைக்கு ஆகாது.

எழுத்தைத் தவிர

கவிதைக்கு நான் சொல்லும் நிபந்தனை: பட்டியலில் இருந்து மூன்று பெயர்ச்சொல், ஒரு வினைச்சொல் எடுத்துக்கொள்ளுங்கள், அவை கட்டாயம் வர வேண்டும், சீட்டின் பெயரும் அது தரும் உணர்ச்சியின் பெயரும் வரக் கூடாது.

வரைகிறவர்கள் படத்தில் உள்ள நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டு உருவங்களை விட்டுவிடலாம், அல்லது சட்டகத்துக்கு வெளியே படத்தை நீட்டி வரையலாம். படத்தொகுப்புச் செய்கிறவர்கள் பழைய பத்திரிகைகளை வெட்டி ஒட்டி 79ஆவது சீட்டை உருவாக்கிப் பார்க்கலாம்: கட்டில் இல்லாத, ஆனால் உங்கள் வாழ்க்கையில் இருக்கிற ஒரு சூழல். இந்த வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இத்தாலியின் டஸ்கனியில் ஓர் உதாரணம் இருக்கிறது. நிக்கி த சன் ஃபால் என்ற சிற்பி மேஜர் 22 சீட்டுகளையும் பிரம்மாண்டச் சிற்பங்களாக எழுப்பி ஒரு தோட்டமே அமைத்தார். 1998-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வேலை நடந்த ஆண்டுகளில் ‘பேரரசி’ சிற்பத்தின் உள்ளேயே அவர் குடியிருந்தார்.

நாடகக்காரர்கள் உடம்பில் இருந்து தொடங்கலாம். வாள் இரண்டில் கண்ணைக் கட்டிய பெண், மார்பின் குறுக்கே இரண்டு வாள்களைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். கண்ணை மூடி, இரண்டு நிமிடம் அதேபோல் கைகளை வைத்துப் பாருங்கள். தோள் வலிக்கத் தொடங்கும்போது அவள் என்ன சொல்வாள் என்பது தெரிந்துவிடும். நடனத்துக்கும் இதே வழி. இசையமைப்பவர்களுக்குப் படத்தைவிடச் சொல் அதிகம் உதவுவதுண்டு. 1975-ல் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் சேர்ந்து, படமே இல்லாமல் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வாக்கியத்தை மட்டும் அச்சிட்ட ஒரு கட்டை வெளியிட்டார்கள், வேலை தேங்கி நிற்கும்போது உருவிப் பார்ப்பதற்காக.

நண்பர்களோடு சேர்ந்து செய்வதானால் எல்லோருக்கும் ஒரே சீட்டைக் கொடுங்கள். ஒரே படத்தில் இருந்து எத்தனை விதம் பிறக்கிறது என்று காதால் கேட்பதுதான் அதில் ருசி. ஒரே விதி: வாசித்த எழுத்தைப் பற்றிப் பேசலாம், எழுதியவரைப் பற்றிப் பேசக் கூடாது. ‘நீ இன்னும் அதிலிருந்து மீளவில்லை போலிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்த முறை எல்லோரும் பத்திரமான விஷயங்களையே எழுதுவார்கள்.

சீட்டைக் கீழே வைப்பது

புதியவர்களின் எழுத்தில் நான் அடிக்கடி பார்ப்பது, படத்தின் வர்ணனையே படைப்பாக நின்றுவிடுவது. படகு இருக்கிறது, வாள் இருக்கிறது, ஆறு இருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சீட்டைக் காட்டாமல் யாரிடமாவது வாசிக்கக் கொடுங்கள். ‘ஏன் சரியாக ஆறு வாள்?’ என்று அவர் கேட்டால், அந்த ஆறு உங்கள் கதைக்கு உரியது அல்ல, சீட்டுக்கு உரியது. அதற்குக் கதையிலேயே காரணம் கொடுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள்.

ஓர் ஆளும் அவருக்கு ஒரு விருப்பமும் தாளில் வந்துவிட்டால் சீட்டைக் கட்டுக்குள் திருப்பி வைத்துவிட்டு, இரண்டாவது வரைவை அதைப் பார்க்காமலே எழுதுங்கள். கொல்லனின் கதை அவன் பாக்கியை வசூலிக்கப் போகும் அடுத்த முகாமுக்கு நகரும்போது வாள் ஐந்தாக இருந்தால் என்ன, கதிர் அரிவாளாக மாறினால்தான் என்ன.

முடித்ததைப் படத்தோடு சேர்த்து வெளியிட விரும்பினால், கட்டின் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1909 படங்களை எடுத்து மறுபடி வண்ணம் தீட்டிய பிற்காலப் பதிப்புகளுக்குத் தனி உரிமை கோருகிறவர்கள் உண்டு. இன்றைய ஓவியர் ஒருவர் வரைந்த கட்டாக இருந்தால் அவரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். படம் இல்லாமல் உங்கள் எழுத்தை மட்டும் வெளியிடுவதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.